கச்சத்தீவு கிடைத்தால் கைது நின்றுவிடுமா?

ஜுமுஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் வந்து கைப்பேசியை நீட்டினார். ராமேஸ்வரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்த செய்தி. "ஹஜ்ரத், கச்சத்தீவைத் திரும்ப வாங்கிட்டா இதெல்லாம் நின்னுடும்ல?" என்று கேட்டார். நிற்காது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "என்ன ஹஜ்ரத், நீங்களும் சிலோன்காரங்க பக்கமா?" என்றார் பாதிச் சிரிப்போடு. அன்று அஸர் பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 1985 வரை நாமும் ராமேஸ்வரமும் ஒரே மாவட்டம். சிவகாசிக்காரரும் பாம்பன்காரரும் ஒரே கலெக்டரிடம்தான் மனு கொடுத்தார்கள். இன்றும் நம் மாவட்டத்துத் திருச்சுழி சட்டமன்றத் தொகுதி ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி அவர்கள் 2019, 2024 இரண்டு தேர்தல்களிலும் அங்கே வென்றார். மீனவருக்காக டெல்லியில் எழும் குரலில் நம் மாவட்டத்து வாக்கும் கலந்திருக்கிறது. அந்தக் குரல் எதைக் கேட்க வேண்டும் என்று யோசிக்கும் பொறுப்பும் நமக்கு உண்டு.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். தமிழ்நாட்டுக்கும் வட இலங்கைக்கும் இடையில் இருக்கும் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பல இடங்களில் பத்து மீட்டர் ஆழம்கூட இருக்காது. கடற்புல் வளர்ந்த தரை. இறாலும் நண்டும் கணவாயும் அங்கேதான் குஞ்சு பொரித்து வளர்கின்றன. 1974 ஜூனில் இந்திராகாந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசுகள் இந்தக் கடலில் எல்லைக் கோடு வரைந்தபோது 285 ஏக்கர் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. 1976இல் செய்த அடுத்த ஏற்பாட்டில், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிவானது. தமிழக மக்களையும் சட்டமன்றத்தையும் கேட்காமல் இதைச் செய்தது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து அந்தக் கோடு சுமார் 12 கடல் மைலில் வந்துவிடுகிறது. கரையை ஒட்டிய 3 கடல் மைலை 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. மீதி ஒன்பது மைல் அகலமுள்ள பட்டையில்தான் விசைப்படகுகள் சட்டப்படி தொழில் செய்ய முடியும். டோக்கன் வாங்கிக் காலையில் புறப்படும் நூற்றுக்கணக்கான படகுகளுக்கு அது போதாது. அந்தப் பட்டையில் மீனும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் விசைப்படகு எப்படி மீன் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

நம்மில் பலர் விசைப்படகு என்றால் எஞ்சின் வைத்த படகு என்று மட்டும் நினைக்கிறோம். பாக் விரிகுடாவில் அதன் பொருள் இழுவைப்படகு. கூம்பு வடிவப் பெரிய வலையை, வாய் விரிந்தே இருக்கும்படி இரு பக்கமும் கனமான பலகை கட்டி, அடியில் இரும்புச் சங்கிலியோடு கடல் தரையில் போட்டு மணிக்கணக்கில் இழுத்துப் போவார்கள். தரையில் இருப்பது எல்லாம் உள்ளே வரும். விற்கக்கூடிய இறாலோடு, விரல் நீளம்கூட வளராத குஞ்சுகளும் வரும். அவை கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும். கடற்புல் வேரோடு பெயர்ந்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் ஒரு கத்தரிக்காய் பறிக்க ஏர் பூட்டி உழுதால் எப்படி இருக்குமோ அப்படி. வழிவலை போடும் நாட்டுப்படகுக்காரர் வலையை விரித்துவிட்டு மீன் வந்து மாட்டுவதற்காகக் காத்திருப்பார். இழுவைப்படகு குறுக்கே வந்தால் மீனோடு சேர்த்து அவர் வலையும் போய்விடும். ஒரு குடும்பம் கடன் வாங்கிச் சேர்த்த வலை ஒரே இரவில் காணாமல் போகும்.

இந்த முறை நம் பாட்டன் பூட்டன் தொழில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950களில் நார்வே நாட்டின் உதவியோடு கேரளத்தில் தொடங்கிய திட்டத்தின் வழியாக இந்தியாவுக்குள் பரவியது இழுவை மடி. வெளிநாட்டுக்கு இறால் அனுப்பி அந்நியச் செலாவணி ஈட்டலாம் என்று அரசே மானியம் கொடுத்து வளர்த்தது. கொஞ்ச காலத்திலேயே தமிழகக் கடற்கரையில் நாட்டுப்படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் அடிதடி, தீவைப்பு, கொலை என்று போனது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சண்டையில் பிறந்தது. ராமநாதபுரம் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் அதே சண்டையின் விளைவுதான். சிங்களக் கடற்படை என்ற பேச்சே எழாத காலத்தில், ஒரே ஊர்த் தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையில் இந்தத் தகராறு தொடங்கியது.

பிறகு இலங்கையில் போர் வந்தது. 1983 முதல் 2009 வரை வட பகுதி மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குள் இறங்க முடியவில்லை. கடற்படை தடுத்தது, கரை முழுவதும் முள்வேலி. ஆளில்லாத அந்தக் கடலில் நம் இழுவைப்படகுகள் மீன் பிடித்தன. உயிரைப் பணயம் வைத்துத்தான் பிடித்தன. துப்பாக்கிச் சூட்டில் மாண்ட நம் மீனவர்கள் பலர். அந்த இரத்தத்துக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த இருபத்தாறு வருடங்களில் படகுகளின் எண்ணிக்கையும் எஞ்சினின் பலமும் அக்கரைக் கடலையும் கணக்கில் வைத்தே வளர்ந்துவிட்டன.

2009இல் போர் முடிந்தது. கடலுக்குச் சொந்தக்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

அவர்கள் யார் என்று நம் ஊடகங்கள் சொல்வதே இல்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களின் தமிழ் பேசும் மீனவர்கள் அவர்கள். இந்துக்கள், கத்தோலிக்கர்கள், மன்னாரில் முஸ்லிம்கள். மன்னார் முஸ்லிம்களின் கதை நம் வாசகர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். எருக்கலம்பிட்டி போன்ற மன்னார் தீவின் ஊர்களிலிருந்து மக்கள் படகில் கற்பிட்டிக் கரைக்குப் போய் இறங்கினார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டகைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. இருபது வருடம் கழித்துத் திரும்பியவர்களுக்கு வீடு இல்லை, நிலப் பத்திரம் இல்லை. மிச்சம் இருந்தது கடல்தான். அங்கே வலையை விரித்தால் விடிவதற்குள் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது.

மீன் குறையும்போது ஏழைகள் யாரோடு மோதுவார்கள் என்பதற்கும் மன்னாரே உதாரணம். 2012 ஜூலையில் மன்னார் நகரின் கோந்தைப்பிட்டிப் படகுத்துறை யாருக்கு என்று தகராறு வந்தது. திரும்பி வந்த உப்புக்குளம் முஸ்லிம் மீனவர்கள் ஒரு பக்கம். போரில் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து அங்கே தொழில் செய்துவந்த தமிழ் மீனவர்கள் மறுபக்கம். இருவருமே அகதிகள். ஆர்ப்பாட்டம் நீதிமன்றத்தின் மீது கல் விழும் வரை போய், அமைச்சர்வரை இழுபட்டு, இரு சமூகங்களுக்கும் கசப்பாக முடிந்தது. நம்மவர் என்பதற்காக அந்தக் கல்வீச்சை நியாயப்படுத்த நான் தயாராக இல்லை.

இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் சிங்கள இனவாதி யாரும் அல்லர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன். குருநகரிலும் பேசாலையிலும் அந்த நாட்டுக்காரர்களே சிறிய அளவில் இழுவை மடி போட்டுவந்தார்கள். சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தியது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் பல மடங்கு உயர்ந்தது. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை அங்குள்ள மீனவர்கள் படகுப் பேரணி நடத்தினார்கள். தமிழக இழுவைப்படகுகளுக்கு எதிராகத் தமிழ் மீனவர்கள் நடத்திய பேரணி. நம் தொலைக்காட்சி விவாதங்களில் அது எத்தனை நிமிடம் வந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது சகோதரரின் கேள்விக்கு வருவோம். கைதுச் செய்திகளில் வரும் இடப் பெயர்களைக் கவனியுங்கள். நெடுந்தீவு அருகே, தலைமன்னார் அருகே, பருத்தித்துறை அருகே. இவை கச்சத்தீவுக்கும் அப்பால் இருக்கும் இடங்கள். நாளையே கச்சத்தீவு இந்தியாவுக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கோடு கொஞ்சம் நகரும். அந்தத் தண்ணீரையும் இதே மடி சில வருடங்களில் துடைத்துவிடும். படகு மறுபடி நெடுந்தீவுக்குத்தான் போகும். 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க நேரில் அந்தத் தீவில் போய் இறங்கினார். இரு பக்கத்து அரசியலுக்கும் தீவு வசதியான பொருள். இழுவை மடியைப் பற்றிப் பேசினால் ஓட்டு போகும்.

இதற்கிடையில் விலை கொடுப்பவர் யார்? 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட நம் மீனவர்கள் கைதானார்கள். அந்த ஜூனில் படகைப் பிடிக்க வந்த இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் முதல் தேதி கடற்படைக் கப்பல் மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே நான்கு பேர். மீன் பிடித்த குற்றத்துக்கு மரண தண்டனை கொடுக்க எந்தக் கடற்படைக்கும் அதிகாரம் இல்லை. இதை உரத்துச் சொல்ல வேண்டும். கைதாகிறவர்களில் பெரும்பாலோர் படகு முதலாளிகள் அல்லர், பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள். எங்கே போவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. இரண்டாவது முறை பிடிபட்டால் மாதக்கணக்கில் சிறை. வீட்டில் பெண்கள் கந்து வட்டிக்கு வாங்கிக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். முதலாளிகளிலும் ஒற்றைப் படகை நம்பி வாழ்ந்து, அது அரசுடைமையாகி மயிலிட்டித் துறையில் மக்கிப் போவதைப் புகைப்படத்தில் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொண்டி, கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் நம் சமுதாயத்தவரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆக, கடலின் இரு கரையிலும் நம் உறவுகள்.

கூலிக்காரனின் கணக்கு சிவகாசிக்காரனுக்குப் புரியாமல் இருக்காது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடுத்தது. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக வந்த தீர்ப்பு. அந்தக் குழந்தைகளின் மூச்சும் அமானிதம்தான், தீர்ப்பின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சரம் பின்னும் பெண்களிடம் வந்து "உங்களுக்கு மாற்று வேலை என்ன?" என்று கேட்டவர் யார்? பசுமைப் பட்டாசுக்கு ரசாயனக் கலவை கண்டுபிடித்தார்கள். வேலை இழந்தவருக்கு எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் வெடித்துச் சிதறியவர்களும் கூலிக்காரர்கள்தானே. "டெல்லி புகைக்கு நாங்கள் மட்டுமா காரணம்?" என்று நாம் கேட்டோம். "மீன் குறைந்ததற்கு நாங்கள் மட்டுமா காரணம்?" என்று ராமேஸ்வரத்துக்காரர் கேட்கிறார். இரண்டு கேள்வியிலும் உண்மை உண்டு. அதை வைத்துக்கொண்டு இரண்டு தொழிலும் பழையபடியே நடக்கட்டும் என்று சொல்லவும் முடியாது.

மாற்றுத் திட்டம் இல்லாமல் இல்லை. 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடியபோது, பாக் விரிகுடாவில் இழுவை மடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதென்று பேசப்பட்டது. 2017 ஜூலையில் பிரதமர் ராமேஸ்வரம் வந்தபோது திட்டம் தொடங்கியது. மூன்று வருடத்தில் 2,000 இழுவைப்படகுகளை எடுத்துவிட்டு ஆழ்கடல் படகு கொடுப்பது, மொத்தம் 1,600 கோடி ரூபாய். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். காகிதத்தில் நல்ல கணக்கு. நடந்தது இலக்கின் மிகச் சிறு பகுதி. காலையில் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகிய மீனவர், வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கிச் சூரை பிடிக்க வேண்டும். அதற்கு வேறு கைத்திறன், வேறு வலை, ஐஸ், சந்தை எல்லாம் வேண்டும். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் பெரிய படகை நிறுத்தவும் முடியாது. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போக வேண்டும். வட்டிக்கு வாங்குகிற வட்டியில்லாக் கடன் பேச்சை நான் இங்கே இழுக்கவில்லை. அது தனிக் கட்டுரை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. திட்டத்தின் கணக்கில் படகு உரிமையாளர் இருக்கிறார். அந்தப் படகில் வலை இழுத்த ஐந்தாறு பேர் எங்கும் இல்லை.

உலகில் யாரும் இதைச் செய்து பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். 1970களில் இந்தோனேசியாவின் ஜாவா, சுமத்ரா கடற்கரைகளில் இதே சண்டை. சிறு மீனவர்கள் இழுவைப்படகுகளுக்குத் தீ வைத்தார்கள். 1980இல் அதிபர் சுஹார்த்தோ இழுவைப்படகுகளுக்குத் தடை விதித்தார். அவர் ஜனநாயகவாதி இல்லை. உத்தரவு போட்டால் நடக்கும் ஆட்சி. ஆனாலும் பெயர் மாறிய இழுவை வலைகள் மெல்லத் திரும்பி வந்து, 2015இல் அமைச்சர் சூசி புஜியாஸ்துதி மறுபடி தடை போட வேண்டியதாயிற்று. அப்போதும் வலைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். கேரளத்தில் சிறு மீனவர்களும் அவர்களோடு நின்ற பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் வருடக்கணக்கில் போராடிய பிறகு 1988இல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. அது இன்றும் நிற்கிறது. கரையில் இருப்பவர்கள் அதைக் காவல் காக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் மீனவர் மீனவரோடு பேசுவதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2010 ஆகஸ்டில் அக்கரை மீனவர்கள் தமிழகம் வந்து பேசினார்கள். ஓராண்டில் இழுவை மடியை விடுவது என்றுகூட ஒப்புக்கொள்ளப்பட்டது; நடக்கவில்லை. 2015 மார்ச்சில் சென்னையில் நம்மவர்கள் மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு 83 நாள் கேட்டார்கள், அவர்கள் மறுத்தார்கள். பத்து வருடம் கழித்து 2025 மார்ச்சில் நம் மீனவப் பிரதிநிதிகள் வவுனியாவுக்கே போய் உட்கார்ந்தார்கள். அக்கரைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: இழுவை மடியோடு வராதீர்கள். நம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களும் இதையேதான் பல வருடமாகச் சொல்கிறார்கள். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் குரல் விசைப்படகுச் சங்கங்களின் குரல் அளவுக்குக் கேட்பதில்லை.

திருக்குர்ஆனின் ஏழாவது அத்தியாயம், 163ஆம் வசனம் தொடங்கிக் கடற்கரை ஊர் ஒன்றின் செய்தி வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. அன்றுதான் மீன்கள் மேலே மேலே வந்து நிற்கும். வெள்ளிக்கிழமையே வலையைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை நாங்கள் பிடிக்கவில்லையே என்றார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். ஊரில் மூன்று கூட்டம். விதியை ஏமாற்றியவர்கள், அவர்களைத் தடுத்தவர்கள், இவர்களுக்கு ஏன் வீணாக உபதேசம் என்று ஒதுங்கி நின்றவர்கள். மூன்று நாள், நான்கு நாள் ஏற்பாட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனங்கள்தான் நினைவுக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வைக்கிறோம், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று. ஜூன் 15 அன்று குஞ்சு தப்ப முடியாத மடியோடு போகிறோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தச் சகோதரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய மனைவியின் ஊர் திருச்சுழிப் பக்கம். "அப்போ அடுத்த தடவை எம்.பி. நம்ம பக்கம் வந்தா என்ன கேக்கணும்?" என்றார். இந்த வருடம் எத்தனை இழுவைப்படகு குறைந்தது, அதில் வேலை பார்த்தவர்களுக்கு மாதம் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள் என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பாங்கு சொல்லிவிட்டார்கள், உளூச் செய்ய எழுந்தோம்.